"வயசு என்னுங்க?" – வேலைக் கேட்டில் கேட்கிற ஒரு கேள்வியின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள். வரலாறு எடுத்த டீச்சர் என்பதால் வருஷங்களும் நம்பர்களும் நிறைய வரும். பரீட்சை இல்லை, பயப்பட வேண்டாம்.

வெள்ளகோவிலில் பஸ் ஏறி காங்கயம் வழியாகத் திருப்பூர் போகிறவர்களுக்குத் தெரியும். வழி நெடுக ஆட்கள் தேவை போர்டுகள்தான். டெய்லர் தேவை, செக்கிங் தேவை, பேக்கிங் தேவை, நூற்பாலைக்குப் பெண்கள் தேவை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: வயது 18 முதல் 30 வரை. சிலதில் 35. ஓவர்லாக் தெரியுமா, பேட்லாக் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் வயசைக் கேட்கிறார்கள்.

சமீபத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு மில்லுக்குப் போகிறவள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எனக்கு வயசு கம்மின்னு சம்பளத்தக் கம்மியாப் போடறாங்க. எங்கம்மாவுக்கு வயசு ஜாஸ்தின்னு வேலையே இல்லைன்னுட்டாங்க. அப்பறம் எந்த வயசுதானுங் டீச்சர் சரியான வயசு?"

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்த எனக்குக் கிடைத்த நல்ல கேள்விகளில் இது ஒன்று. வயசு பார்த்து ஆளைத் தள்ளுவது என்றால் வயதானவர்களின் பிரச்சினை என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். நம் பக்கத்தில் அது இளையவர்களிடம் ஆரம்பிக்கிறது. கேட்டில் வயசு கேட்கிற வழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் அவள் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

முதலில் வயசு என்பது எங்கே எழுதப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தால் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு ஆச்சு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தொட்ட பிள்ளைக்கு அந்த வருஷத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு தேதி எழுதப்படும். அதனால்தான் நம் சொந்தங்களில் இத்தனை பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருக்கிறார்கள்! பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அது கிராமம் வரை வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான் வயசு. வேலைக்குப் போகும்போது பள்ளிச் சான்றிதழைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தர் வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்கிற நம்பர், சிறு கை ஒன்று காதுக்கு எட்டியதா என்பதில் தொடங்கியிருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கென்று முதல் சட்டம் வந்தது 1881-ல். அதற்கு முன்னால் பம்பாய் பஞ்சாலைகளில் எந்த வயசுக் குழந்தையும் எத்தனை மணி நேரமும் வேலை செய்யலாம். சட்டம் என்ன சொன்னது? ஏழு வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேர வேலை சட்டப்படி சரி. அதுவும் நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகளுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம். பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டவர்கள் கேட்டதும் உண்டு. இந்திய ஆலைகள் மலிவாக நூல் நூற்பது பிடிக்காத லங்காஷயர் முதலாளிகள் அழுத்தியதும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சட்டம்.

பிறகு அந்த எண் மெதுவாக ஏறியது. 1891-ல் ஒன்பது வயசு, 7 மணி நேரம். 1922-ல் பன்னிரண்டு வயசு, 6 மணி நேரம். 1934-ல் 15-லிருந்து 17 வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியாகப் பிரித்தார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் பதினான்கு வயசு ஆனது. ஏழிலிருந்து பதினான்குக்கு வர 67 வருஷம்.

கோயமுத்தூரில் முதல் பஞ்சாலை வந்தது 1888-ல். ஸ்டேன்ஸ் மில் என்று சொல்வோமே, அதுதான். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி மில்கள் மளமளவென்று பெருகின. திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் கையால் சுற்றுகிற மிஷினில் ஆரம்பித்தது. நம் வெள்ளகோவில் பக்கம் வானம் பார்த்த பூமி. பி.ஏ.பி. தண்ணீர் வந்தும் எல்லாக் காட்டுக்கும் எட்டவில்லை. அதனால் எண்ணெய் ஆலை, விசைத்தறி, மில், பனியன் என்று பிள்ளைகள் வேலை தேடிப் போனதில் ஆச்சரியமில்லை.

இங்கே 1948-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன.

முதலாவது தொழிற்சாலைச் சட்டம். பதினான்குக்குக் கீழே தொழிற்சாலைக்குள் வரக் கூடாது என்றது. 15 முதிர்ந்து 18 ஆகாதவர்கள் வேலைக்கு வந்தால் டாக்டர் பரிசோதித்துத் தகுதிச் சான்று தர வேண்டும். வேலை செய்யும்போது அதைக் குறிக்கிற டோக்கனை உடம்பில் வைத்திருக்க வேண்டும் என்றது. பெரியவர்கள் வேலைக்குத் தகுதி என்று சான்று கிடைத்துவிட்டால், வேலை நேரக் கணக்கில் அந்தப் பிள்ளை பெரியவர் மாதிரிதான்.

இரண்டாவது குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு, பெரியவர்கள், வளரிளம் பருவத்தினர், குழந்தைகள், அப்ரண்டிஸ்கள் என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கூலி நிர்ணயிக்கலாம் என்று அரசுக்கு அனுமதி கொடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பதினாறு வயசுப் பெண் எட்டு மணி நேரம் நிற்கலாம், அதற்கு அவள் பெரியவள். கூலி எண்ணும்போது அவள் சின்னவளாக இருக்கலாம். வேலைக்கு ஒரு வயசு, கூலிக்கு ஒரு வயசு. பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த எண், கூலியைக் குறைக்கவும் பயன்படலாம் என்று சட்டத்திலேயே ஒரு சந்து விட்டுவிட்டார்கள். பின்னால் நம் பக்கத்தில் நடந்ததெல்லாம் அந்தச் சந்தில் நுழைந்ததுதான்.

"அரசியல் சட்டத்துல சமத்துவம் இருக்கே டீச்சர்?" என்று பத்தாம் வகுப்பில் கேட்பீர்கள். இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து வேற்றுமை காட்டக் கூடாது என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியலில் வயசு இல்லை. பதினான்குக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. வறுமையினால் யாரும் தன் வயசுக்கும் பலத்துக்கும் ஒவ்வாத வேலைக்குத் தள்ளப்படக் கூடாது என்று 39-ஆவது பிரிவு அரசுக்கு வழி சொல்கிறது. ஆக, நம் அரசியல் சட்டத்துக்கு வயசு தெரியும். ஆனால் பாதுகாக்க வேண்டிய விஷயமாகத்தான் தெரியும். வயசைச் சாக்காக வைத்து ஒருவரை ஏமாற்றலாம் என்பது அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை.

சரி, திருப்பூருக்கு வருவோம்.

பனியன் கம்பெனியில் வேலை படிப்படியாக இருந்தது, உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதலில் கைமடி. டெய்லர் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற, தைத்ததை அடுக்குகிற வேலை. அதற்குச் சின்னப் பையன்கள்தான். 1980-களிலும் 90-களிலும் அப்படி வேலை செய்த பையன்கள் திருப்பூரில் ஏராளம். கைமடியில் நின்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து பழகி, டெய்லர் ஆகி, பிறகு காண்ட்ராக்ட் எடுத்து, கடைசியில் நாலு மிஷின் வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர்கள் நிஜமாகவே உண்டு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், 2004-ல் வந்தது. தோட்டத்தில் பாடுபட்ட கவுண்டர் பிள்ளைகள் எப்படிக் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள், அந்தப் 'பாடு' என்பதையே அவர்கள் எப்படித் தங்கள் முதலாகச் சொன்னார்கள் என்பதுதான் அதன் பொருள்.

நம் சொந்தத்திலேயே பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "நானும் கைமடிச்சுத்தான் வந்தேன். இந்தக் காலத்துப் பசங்க வந்த அன்னிக்கே முழுச் சம்பளம் கேக்கறாங்க." இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொழில் தெரியாதவனுக்கும் தெரிந்தவனுக்கும் ஒரே கூலி என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் குறைந்த கூலிக்குப் பின்னால் ஒரு ஏணி இருந்தது. எல்லோரும் ஏறவில்லை. பெண்கள் அநேகமாக ஏறவே இல்லை. சாதி பார்த்தும் சிலருக்குப் படி எட்டவில்லை. இருந்தாலும் ஏணி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய பிள்ளைகள் கேட்பது, அந்த ஏணி எங்கே என்றுதான்.

1984-ல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரிந்தன. காண்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் பெருகின. ஏற்றுமதி வளர்ந்தது, பெண்கள் நிறைய வந்தார்கள். இன்றைக்குத் திருப்பூரின் வருஷ ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தப் பனியனுக்கு நூல் எங்கிருந்து வருகிறது? நம் நூற்பாலைகளிலிருந்து. இந்தியாவிலேயே அதிக நூற்பாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடுதான்.

அந்த ஆலைகளில்தான் 1989 வாக்கில் 'சுமங்கலித் திட்டம்' என்ற ஒன்று ஆரம்பித்தது. திருமகள் திருமண உதவித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றும் பெயர். சிலர் கேம்ப் கூலி என்றார்கள். கிராமத்துக்கு ஏஜெண்ட் வருவார். பதினைந்து, பதினாறு வயசுப் பெண் இருக்கிற வீடாகப் பார்த்துப் பேசுவார். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ய வேண்டும். மாசா மாசம் கொஞ்சம் சம்பளம். மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக 30,000-லிருந்து 50,000 ரூபாய் வரை. கல்யாணத்துக்கு ஆகும். வரதட்சணை 1961-லேயே சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனால் வரதட்சணைக்குச் சேர்க்கிற பணம் என்று சொல்லித்தான் இந்தத் திட்டத்தை ஊர் ஊராக விற்றார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத குடும்பத்துப் பெண்கள். தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம்.

பணம் எங்கே வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே 1933-ல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் உழைப்பை அடமானம் வைத்துப் பெற்றோர் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்த முறையில் பணம் முதலில் வரும், பிள்ளை பின்னால் கட்டுப்பட்டு நிற்கும். சுமங்கலித் திட்டத்தில் அதைத் திருப்பிப் போட்டார்கள். பெண் முதலில் போவாள், பணம் கடைசியில் வரும். இடையில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால், சேர்ந்த பணம் முழுதாகக் கைக்கு வராமல் போனவர்கள் பலர். அது போனஸ் இல்லை, பரிசும் இல்லை. அவளுடைய கூலியில் பிடித்து வைத்ததுதான்.

சட்டத்தில் அவளுக்கு என்ன பெயர்? அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர். 1961 தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். 1965 போனஸ் சட்டம் பழகுநரைக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று வருஷம் என்ற கணக்குக்கும் ஒரு காரணம் உண்டு என்று நான் நினைக்கிறேன். 1972 பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குத்தான் கிராஜுவிட்டி கிடைத்தது. மூன்றாம் வருஷம் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சே வராது. அடுத்த வருஷம் வேறு பதினாறு வயசுப் பெண் வருவாள். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலைப் பிணைக்கச் சில மாதத்தில் கை பழகிவிடும் என்று வேலை செய்தவர்களே சொல்வார்கள். பழகின பிறகும் மூன்று வருஷம் முழுக்கப் 'பழகுகிறவள்' என்றே பெயர்.

இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று 1948 சட்டத்தில் இருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்றது. ஆணுக்குப் பெண் சமம் என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு. பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் போட்டார்கள். ஆனால் ராத்திரி சிப்டுக்குக் கணவன், குழந்தை இல்லாத, ஹாஸ்டலிலேயே தங்குகிற இளம் பெண்தான் வசதி என்று ஆலைகள் கணக்குப் போட்டன. அந்தக் கணக்கில் வயசுதான் முதல் தகுதி.

தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் வருஷக்கணக்காகப் போராடின. 2008-ல் தமிழக அரசு நூற்பாலை அப்ரண்டிஸ்களுக்கும் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. ஆலைத் தரப்பு நீதிமன்றம் போனது. 2011-லும் 2012-லும் 2014-லும் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். என்ற அமைப்புகள் நம் ஆலைகளைப் பற்றி அறிக்கைகள் வெளியிட்டன. ஐரோப்பாவில் துணி வாங்குகிற பெரிய கடைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன. அதற்குப் பிறகுதான் 'சுமங்கலி' என்ற பெயரைப் பல இடங்களில் போர்டிலிருந்து எடுத்தார்கள். ஹாஸ்டலும், பயிற்சியாளர் என்ற பெயரும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன.

என் வகுப்பில் இதை நான் எப்படிப் பார்த்தேன் என்றால், வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். ஒன்பதாவது வரை முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் பத்தாவது ஜூனில் வர மாட்டாள். கேட்டால், "மில்லுக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்துப் பெண் சொல்லும். கூட்டிவர வீட்டுக்குப் போவோம். சிலரைக் கூட்டி வந்தோம். சிலருடைய வீட்டில் அம்மா சொன்ன கணக்குக்கு எங்களிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடம் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கொடுத்தது மத்தியானச் சாப்பாடும் புத்தகமும். மில் கொடுப்பதாகச் சொன்னது கல்யாணம். இப்போது 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முன்பு இதே அரசுப் பணம் திருமண நிதியாகத் தாலித் தங்கத்தோடு போனது. அதைப் படிப்பின் பக்கம் திருப்பியதை, ஒரு வாத்தியாராக, நான் பெரிய மாற்றமாகத்தான் பார்க்கிறேன். பதினேழு வயசில் மில்லைத் தவிர இன்னொரு வாசல் திறந்திருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இனி மறுமுனைக்கு வருகிறேன், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு.

அவளுக்கு நாற்பத்தி இரண்டு. அந்தக் காலத்தில் மில்லில் இருந்தாள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டருகே ஒரு யூனிட்டில் செக்கிங் பார்த்தாள். துணியில் ஓட்டை, ஊசித் தடம், எண்ணெய்க் கறை பார்க்கிற வேலை. கண்ணுக்கு வேலை. "கண்ணாடி போட்டவங்க வேண்டாம்" என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். வேறு இடத்தில் கேட்டால் 35-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்துதான் அவள் கண் கெட்டது. அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. பதினாறில் 'இன்னும் பழகவில்லை' என்றவர்களே நாற்பதில் 'இனிமேல் முடியாது' என்கிறார்கள். முழுக் கூலிக்கு உரிய வயசு என்று நடுவில் மிஞ்சுவது பத்துப் பதினைந்து வருஷம்தான். அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில்தான் பிள்ளைப்பேறும் வருகிறது.

இந்த விஷயத்தில் இளையவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று போன சில மாதங்களாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டு வருகிறேன். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை.

ஒரு பையன், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவன் கோபம் வேறு. "டீச்சர், சின்னப் பையன்னு மீட்டிங்ல பேசவே விடறதில்ல. தப்பு நடந்தா மட்டும் அனுபவம் பத்தலைங்கறாங்க."

இன்னொருத்தி டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறாள். அவள் கேட்டது எனக்கே நேராக வந்தது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயசை 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். "இருக்கறவங்க ரெண்டு வருஷம் கூட இருந்தா, காத்திருக்கறவங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சே?" என்றாள். நியாயம்தான். வேலைக்குச் சேரும் வயசு வரம்பையும் 30-லிருந்து 32 ஆக 2021-ல் உயர்த்தினார்கள். நான் 58-ல் வீட்டுக்கு வந்தவள், ஆகவே இதில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் ஒன்று சொன்னேன். அங்கே பெரியவரும் இளையவரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் அப்படி இல்லை. அம்மாவை நிறுத்தியதால் மகளுக்கு முழுச் சம்பளம் வரவில்லை. மகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்க முடிவதால்தான் அம்மாவை நிறுத்துகிறார்கள்.

மூன்றாவது ஒரு பையன் சொன்னது, சொந்தமாகப் பத்து மிஷின் வைத்திருக்கிறவன்: "வயசானவங்கள வெச்சா பீஸ் ஓட மாட்டேங்குது. எனக்கும் ஆர்டர் கட்டுப்படி ஆகணுமில்லங் டீச்சர்." அவன் கஷ்டமும் பொய் இல்லை. வெளிநாட்டுக்காரன் ஒரு பீஸுக்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதில் தொடங்கி எல்லாச் சுமையும் கீழே வந்து, கடைசியில் மிஷினில் உட்கார்ந்திருப்பவரின் வயசில் வந்து நிற்கிறது. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் குறைவாகத் தைத்தால் குறைவாகத்தானே வாங்குகிறார்? பிறகு வயசு எதற்கு? இதையும் அவனிடம் கேட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

உலகம் இதை எப்படிக் கையாண்டது? அமெரிக்காவில் 1967-லேயே சட்டம் வந்தது. ஆனால் அது 40 வயசுக்கு மேற்பட்டவர்களை மட்டும் காப்பாற்றுகிறது. இங்கிலாந்தில் 2006 முதல் எந்த வயசுக்காரரையும் வேலையில் வயசு காட்டித் தள்ளக் கூடாது. அதே இங்கிலாந்தில் குறைந்தபட்சக் கூலி இளையவர்களுக்குக் குறைவு என்று 1999 முதல் வைத்திருக்கிறார்கள். பாருங்கள், அங்கேயும் அந்தச் சந்து அடைபடவில்லை! வேலையில் வேற்றுமை கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958 உடன்படிக்கையில் இந்தியா 1960-ல் கையெழுத்திட்டிருக்கிறது. அதன் மூலப் பட்டியலில் இனம், நிறம், பால், மதம் எல்லாம் உண்டு, வயசு இல்லை. நம் நாட்டில் 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, கூலியில் பாலின வேற்றுமை கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த வரியிலும் வயசு இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நாம் நிஜமாகவே முன்னால் வந்திருக்கிறோம். 1986 சட்டம் ஆபத்தான சில தொழில்களில் மட்டும் குழந்தைகளைத் தடுத்தது. 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத் தொழில் போன்ற விதிவிலக்குகள் தவிர, பதினான்குக்குக் கீழே எந்த வேலையிலும் குழந்தையை வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. கைமடிப் பையன்களை இப்போது பெரிய கம்பெனிகளில் பார்க்க முடியாது. அது சும்மா வரவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். வயசு வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தை வேலைக்கு வரக் கூடாது என்பதற்கு எண் வேண்டும். அந்த எண்ணுக்காக 130 வருஷத்துக்கு மேல் போராடியிருக்கிறோம். ஆனால் அந்த வரம்பைத் தாண்டி ஒருவர் வேலைக்கு வந்துவிட்டால், பிறகு கேட்க வேண்டியது வேலை தெரியுமா என்பதை மட்டும்தான். பயிற்சி என்றால் எத்தனை மாதம், அதில் என்ன கற்றுத் தருவீர்கள், முடிந்தால் என்ன சம்பளம் என்று எழுதிக் கொடுங்கள். முடிகிற தேதி இல்லாத பயிற்சி, பயிற்சி இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், என் மாணவர்கள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள். 'வயது 18 முதல் 30 வரை' என்று போர்டு எழுதி மாட்டுகிறவரும் என் வகுப்பில் இருந்தவர். அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவரும் என் வகுப்பில் இருந்தவர். சட்டம் மாற எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. போர்டை நாளைக்கே மாற்றலாம். கம்பெனி, தறி, மில் வைத்திருக்கும் பிள்ளைகளே, எச்.ஆரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை எழுதும்போது வயசு இருக்கிற இடத்தில் வேலையை எழுதுங்கள்: பேட்லாக் தெரிந்தவர் தேவை, செக்கிங் அனுபவம் உள்ளவர் தேவை என்று. செக்கிங் டேபிளுக்கு மேல் நல்ல லைட் போடுங்கள். வருஷம் ஒரு முறை கண் பரிசோதனை வையுங்கள். கண்ணாடி போட்டவரும் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்.

வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளே, பையன்களே, சேரும்போது ஆர்டர் கேளுங்கள். அதில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்: தொழிலாளியா, பயிற்சியாளரா? சம்பளச் சீட்டு வாங்கி வையுங்கள். பி.எப்., ஈ.எஸ்.ஐ. எண் வந்ததா என்று மூன்றாவது மாதமே விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும்.

சொந்தபந்தங்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டாவது முடித்த பிள்ளை "மேல படிக்கிறேன்" என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். "மில்லுக்கே போறேன்" என்றால் அதையும் மதியுங்கள், ஆனால் சம்பளம் அவள் பேரில் உள்ள பேங்க் கணக்குக்கு வருகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தபோது என்ன வயசு, என்ன பெயரில் சேர்த்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர், ஆட்கள் பெயர் வேண்டாம். வருஷமும் ஊரும் போதும். பாடப் புத்தகத்தில் 1881 இருக்கிறது, உங்கள் கைமடிக் கூலி இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன், எழுத்துப் பிழையும் திருத்துவேன்!

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர், வெள்ளகோவில்